சத்தம் நின்றால் எழுகிறவன்

பிள்ளை பிறந்த வீட்டில் ராத்திரி அழுகைச் சத்தம் கேட்கும் என்பதுதான் உலக வழக்கம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில், மீன்பிடி லாஞ்சு டிரைவர் ஃப்ரெடியின் வீட்டுப் பிள்ளை அந்த வழக்கத்தை மதிக்கவில்லை. பகலெல்லாம் பூனைக்குட்டிபோலச் சுருண்டு கிடக்கும். விளக்கை அணைத்ததும் கண்ணைத் திறக்காமலே கச்சேரியை ஆரம்பிக்கும். முதலில் ஒரு முக்கல்; ஐஸ் போட்டு நிரப்பிய மீன்பெட்டியைத் தனியாளாகத் தூக்கப் பார்க்கிறவனின் முக்கல். அப்புறம் தண்ணீர் வற்றிய அடிபம்பு காற்றை இழுப்பதுபோல ஒரு கரகரப்பு. நடுவில் ஆட்டுக்குட்டி ஒன்று வந்துவிட்டுப் போகும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி மீன்பெட்டி.

அடுத்த வீட்டு அறைக்குள் நடப்பது எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம், ஒரு குழாய், ஒற்றைச் செங்கல் சுவர். எங்கள் வீடுகளில் ஒருவர் விக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பார்.

பிள்ளையின் தாய் ரூத்துக்கு இது தலைப்பிரசவம். அவள் பிறந்தது எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம். தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் கொடியில் காயப்போட்ட துணியில்கூட அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். பச்சைப்பிள்ளையை அங்கே கொண்டுபோகாதே என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள். ஆகவே புருஷன் வீட்டிலேயே பத்தியம். வீடு என்றால் ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு. அதற்குள் ரூத், பிள்ளை, ஃப்ரெடி, ஃப்ரெடியின் அக்கா கரோலின். கட்டிக்கொடுக்க ஆள் இல்லாமல் தம்பியோடே தங்கிவிட்டவள் கரோலின். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான்.

மற்ற மாதங்களில் அந்த அறையில் இத்தனை பேர் ஒன்றாக இருந்ததே இல்லை. ஃப்ரெடி லாஞ்சில் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடப்பான். கரோலின் விடியலில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய் இருட்டித் திரும்புவாள். பிள்ளை பிறந்த நேரம் பார்த்துத் தடைக்காலம் வந்துவிட்டது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று சர்க்கார் லாஞ்சுகளைக் கட்டிப்போட்டது. லாஞ்சு ஓடாததால் இறால் இல்லை, இறால் இல்லாததால் கரோலினுக்கு வேலை இல்லை. மேலே கத்திரி வெயில், அதற்கு ஏற்றாற்போல் கரண்ட்டும் போய்ப் போய் வந்தது. ரூத்தோ, நாற்பதாம் நாள் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியார் ஜெபம் சொல்லும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. அந்த வருஷம் ராயபுரத்தில் நிம்மதியாக இருந்தது மீன்கள் மட்டும்தான்.

முதல் வாரம் சந்து சிரித்தது. குழாயடியில் தொடங்கிவைத்தவள் சாபிரா. ஃப்ரெடி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே அந்த ஒற்றைச் செங்கல்தான். அவள் புருஷன் தமீம் கன்டெய்னர் யார்டில் நைட் டூட்டி. தனியாகப் படுத்திருக்கிறவளுக்குக் காது கொஞ்சம் நீளம்.

“இன்னா கரோலின், உன் மருமவன் நேத்து நைட்டெல்லாம் லோடு எறக்கினானா. அவ்ளோ முக்கு முக்கறான்.”

“நீ வேற சாபிரா. பொறந்ததுலேர்ந்து இதே பேஜாரு. மூச்சு உள்ள போவுதா வெளிய வருதான்னே தெரீல.”

“மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய வுடு.”

“வுட்டாச்சு.”

“வசம்பு?”

“கட்டியாச்சு.”

“சாம்பிராணி காட்டினியா?”

“அதெல்லாம் காட்டாமயா இருப்பேன். நாலு ஊட்டுக்குப் பொக போச்சே, உன் மூக்குக்கு வர்ல?”

வந்தது. கரோலின் போட்ட புகையில் எதிர்வீட்டுக்காரர்கள் தீயணைப்புக்குப் போன் போடப் பார்த்தார்கள். பிள்ளை தும்மித் தும்மி மூக்கு அடைத்துக்கொண்டது. அன்று ராத்திரிக் கச்சேரியில் புல்லாங்குழலும் சேர்ந்தது.

பால் ஊறட்டும் என்று ரூத்துக்குத் தினமும் பால்சுறாப் புட்டு. லாஞ்சு மீன் இல்லாத காலத்தில் பால்சுறா லேசில் கிடைக்காது. கரோலின் காலையிலேயே காசிமேட்டுக்குப் போய், கரையோரம் வலை போட்டு வரும் ஃபைபர் படகுக்காரர்களோடு மல்லுக்கட்டி ஒரு முழம் நீளச் சுறாவைப் பிடுங்கி வருவாள். வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் குவித்துப்போட்டு அவள் கிண்டும்போது முற்றத்தில் எல்லோருக்கும் பிள்ளை பெற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றும். ருசி பார்க்கக் கிண்ணத்தோடு போனவர்கள்தான் முதலில் பார்த்தார்கள்: ரூத் சுவரில் சாய்ந்து, பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். புட்டுத் தட்டில் ஈ மொய்த்தது.

“சாப்டு ரூத்து,” என்றாள் சாபிரா.

“கொயந்த எங்கக்கா?”

“உன் தோள்லதாண்டி கீது.”

ரூத் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாபிரா சிரித்தபடியே வெளியே வந்தவள், குழாயடிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ரூத்தின் பயம் ஒன்றே ஒன்று. அத்தனை முக்கலில் ஏதோ ஒன்று நிஜமாகவே மூச்சு முட்டுகிற முக்கலாக இருந்து, அந்த நேரம் பார்த்துத் தான் தூங்கிவிட்டால் என்ன செய்வது. ஆகவே பிள்ளை ஒவ்வொரு தடவை முக்கும்போதும் தூக்குவாள். தூக்கினால் அது விழித்துக்கொள்ளும். விழித்தால் பால். பால் குடித்தால் ஏப்பம். ஏப்பம் வந்து படுக்கவைத்தால் மறுபடி மீன்பெட்டி. பெற்றுப் போட்டு வந்ததிலிருந்து அவள் முழுசாகத் தூங்கி யாரும் பார்க்கவில்லை.

கரோலினுக்கு இதில் ஒரே முடிவுதான் இருந்தது. தொக்கம். பிள்ளையின் தொண்டையில் சிக்கியிருப்பதாகச் சொல்லி, வாய்வைத்து ஊதியோ உறிஞ்சியோ எதையோ வெளியே எடுத்துக் காட்டுகிற வைத்தியம். தண்டையார்பேட்டைப் பக்கம் போர்டே போட்டு வைத்திருப்பார்கள்.

“நாளைக்கு நா தூக்கினு போறேன். அஞ்சு நிமிசம். எட்த்துட்டா சோக்கா தூங்கும்,” என்றாள் கரோலின்.

“வோணாம் அண்ணி.”

“ஏன் வோணாம்?”

“வெறும் தாய்ப்பால் குடிக்கற கொயந்த தொண்டைல இன்னா சிக்கும்?”

“ஃப்ரெடிக்கு ரெண்டு தபா எட்த்துது. அவன் செத்தா போய்ட்டான்?”

“எம்புள்ள வாய்ல எவனும் வாய் வெக்கக் கூடாது.”

அந்த வீட்டில் கரோலின் சொன்னதற்கு மறுபேச்சு அதற்குமுன் கேட்டதில்லை. சாபிரா வீட்டுப் பக்கம்கூட மிக்ஸி நின்றது.

“ஓகோ,” என்றாள் கரோலின். “அப்ப நீயே முயிச்சினு கெட. நைட்ல எனுக்குக் காது இல்ல. சொல்லிட்டேன்.”

சொன்னதைச் செய்கிறவள். அன்றிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதுவரை நடுராத்திரியில் பிள்ளையை ஒரு மடி மாற்றி வாங்கிக்கொள்ள இருந்த ஒரே ஆளும் போயிற்று.

பிள்ளையை எடைபோட வீடு வீடாக வருகிற சுகாதார நர்ஸ் எழில்மொழி அந்த வாரம் வந்தாள். சத்தத்தை வாயால் விளக்கிச் சொல்ல முடியாமல், ரூத் போனில் பிடித்து வைத்திருந்தாள். நர்ஸ் முழுதும் கேட்டாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கான். பொறந்த குழந்தை தூக்கத்துல இப்படித்தான் முக்கும், முனகும், நெளியும். மூக்கு ஓட்டை சின்னது, அதான் இந்தக் கரகரப்பு. உதடு நீலமானா, மூச்சு இழுக்கறப்ப நெஞ்சுக்குழி உள்ள போனா, பால் குடிக்கலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வா. இல்லன்னா தொடாத.”

“தொடாதன்னா?”

“முக்கின உடனே தூக்காத. கண்ணு மூடியிருந்தா அது தூங்குதுன்னு அர்த்தம். நீதான் எழுப்பி விடற. மல்லாக்கப் படுக்க வை, பக்கத்துல தலகாணி வேணாம். பேசாம படு. ரெண்டு மூணு மாசத்துல தானா அடங்கிடும். அப்புறம் இந்த சாம்பிராணி யாரு போடறது?”

கரோலின் அடுப்பைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அந்த ரெக்கார்டிங்கை ரூத் சாபிராவுக்கு மட்டும்தான் அனுப்பினாள். மறுநாள் சந்தில் எல்லோர் போனிலும் அது இருந்தது. கோடிவீட்டில் ஒருவர் கேட்டுவிட்டு, இது லாஞ்சு எஞ்சின்தான், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார்.

நர்ஸ் சொன்னபடி செய்வதென்று ரூத் முடிவுகட்டினாள். கை தானாக நீளாமல் இருக்க, இரண்டு கையையும் தன் முதுகுக்கடியில் வைத்துப் படுத்தாள். பிள்ளை முக்கியது. படுத்தே இருந்தாள். கரகரத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெளிந்தது, உதைத்தது, கனைத்தது. அப்புறம், நர்ஸ் சொன்னதேதான், தானாக அடங்கிவிட்டது. அறை அமைதியானது. ரூத்துக்குக் கண் செருகியது.

அப்போதுதான் ஃப்ரெடி எழுந்தான்.

மிச்சத்தைக் குழாயடியில் சாபிராதான் நடித்துக் காட்டினாள். ஃப்ரெடியும் பல் விளக்கிக்கொண்டு அங்கேயேதான் நின்றான்.

“கேளுங்கடி. அத்தினி நேரம் இவன் புள்ள ஊரையே தூக்குது, இவன் கொறட்ட வுடறான். அது நின்னுது பாரு, டக்குன்னு எய்ந்துட்டான். ‘ரூத்து, ஏ ரூத்து, இன்னா சத்தத்தக் காணோம்’னு. அப்பால அத்தப் போய் உலுக்கறான். கொயந்த வீல்னு கத்துது. இவன் ‘ஆங், கீது கீது’ன்னு சொல்ட்டு மறுபடி படுத்துக்கறான். தூங்கியும் பூட்டான்.”

“டெய்லி அப்டித்தானாப்பா?” என்று கேட்டது யாரோ.

“தெனமும்,” என்றாள் சாபிரா. “நேத்துதான் எனுக்கு வெளங்குச்சி. சத்தம் வந்தா அவ எய்ந்திருக்கறா. நின்னா இவன் எய்ந்திருக்கறான். அந்தக் கொயந்த எப்பதாண்டி தூங்கும்?”

ஃப்ரெடி கொப்பளித்துத் துப்பினான்.

“உனுக்கு இன்னாக்கா தெரியும். லாஞ்சுல படுத்துப் பாத்துகீறியா? எஞ்சின் ரூமு மேலதான் எம்படுக்க. அது தடதடன்னு ஓடிகினு இருந்தா அம்மா மடில படுத்தா மாரி. எவன் கத்தினாலும் எனுக்குக் கேக்காது. ஆனா எஞ்சின் நின்னுச்சின்னு வை, கண்ணு தானா தொறந்துக்கும். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா இன்னா அர்த்தம்? வல சுத்திகிச்சா, டீசல் அடச்சிகிச்சா, தண்ணி பூந்துச்சா. டிரைவர் எய்ந்துக்கலன்னா அத்தினி பேரும் காலி.”

“உம்புள்ள இன்னா யமஹாவா?”

“அதும் எஞ்சின்தானக்கா.”

சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

“நானே வோணும்னு எய்ந்திருக்கல,” என்றான். “நின்னுச்சுன்னா கைய வெச்சிப் பாக்காம படுக்க முடில.”

கரோலின் தீர்ப்புச் சொன்னாள். தடைக்காலத்தில் துறைமுகத்தில் நெருக்கிக் கட்டிவைத்திருக்கும் லாஞ்சுகளில் பெயின்ட் வேலையும் எஞ்சின் வேலையும் நடக்கும். பகலில் ஃப்ரெடி அங்கேதான் இருந்தான். ராத்திரியும் அங்கேயே படுக்கட்டும். ஆளுக்கு ஆள் தூக்கம் கிடைக்கும். ஃப்ரெடி பாயைச் சுருட்டிக்கொண்டு போனான்.

கோழி கூவும் நேரத்தில் வாசலில் வந்து நின்றான்.

“இன்னாடா வந்துட்டே?” கரோலின் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“அங்க ஒரு சத்தமும் இல்லக்கா. எஞ்சினும் ஓடல, அவனும் இல்ல. எப்டித் தூங்கறது.” உள்ளே எட்டிப் பார்த்தான். “கொயந்த மூச்சு வுடுதா?”

ரூத் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் தூங்கவில்லை. சத்தத்துக்கு எழுந்துகொள்ள மட்டும் இத்தனை நாள் பழகியிருந்தவள், அன்று ராத்திரி சத்தம் நின்றபோதும் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து கைவைத்துப் பார்க்கிறவன் லாஞ்சில் இருந்தான்.

காலை டீ ஆனதும் கரோலின் சுறாவுக்குக் காசிமேட்டுக்குப் போனாள். ஃப்ரெடி குழாயடியில் வண்டி கழுவிக்கொண்டிருந்த தமீமிடம் பேசிக்கொண்டு நின்றான். திரும்பி உள்ளே போனால் பாய் இருந்தது, ரூத் இல்லை. பிள்ளையும் இல்லை.

நாற்பது முடியாதவள் வாசல்படி தாண்டிவிட்டாள் என்பது சந்து முழுக்கப் பரவ எவ்வளவு நேரமாகும். செருப்பு வாசலில் கிடந்தது, வெறுங்காலோடு போயிருக்கிறாள். ஒருவர் கோயிலில் தேடினார், ஒருவர் ரயில்வே கேட்டில். கடற்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் வாய் வரவில்லை, ஆனால் இரண்டு பேர் பேசாமல் அந்தப் பக்கம் நடந்தார்கள். சுறாவோடு திரும்பி வந்த கரோலின் அதை வாசல்படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பூனை தூக்கிப்போனதைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஃப்ரெடி போன் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு குரல் எடுத்தது. ரூத் இல்லை.

“யாருய்யா நீ? சொம்மா சொம்மா அடிக்கறே.”

“ரூத்து எங்க? நீங்க யாரு?”

“கெங்கம்மா. காத்திவாக்கம். எறா விக்கறவ. ஒம்பொண்டாட்டியா இவ? எண்ணூர் பஸ்ல தூங்கறா. கத்தாத, எய்ந்துக்கப் போறா.”

“கொயந்த?”

“எங்கைல கீது.”

“மூச்சு வுடுதா?”

“வுடுதாவா? அது போடற சத்தத்துக்கு பஸ்ஸு எஞ்சினே தேவல. நீ எண்ணூர் வந்துடு. அதுவரைக்கும் யாரும் இவள எய்ப்பக் கூடாது.”

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். கையில் பிள்ளையும் போனும் தவிர ஒன்றும் இல்லாமல், பாலத்தண்டை வந்து நின்றதில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நெட்டுக்குப்பத்துக்குப் போகலாம் என்று நினைத்தாளாம், நினைத்தது அவ்வளவுதான். கழிமுகத்து இறாலை விற்றுவிட்டு வெறும் அன்னக்கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த கெங்கம்மா, திருவொற்றியூர் தாண்டும்போது இவள் கை தளர்வதைப் பார்த்திருக்கிறாள். மடியிலிருந்து பிள்ளை சரிவதற்குள் வாங்கிக்கொண்டாள். பிள்ளை வழக்கம்போல முக்கியது, கரகரத்தது. ரூத் அசையவில்லை. காத்திவாக்கத்தில் தன் ஸ்டாப்பிங் வந்தபோது கெங்கம்மா எழுந்திருக்கவில்லை. எண்ணூரில் எல்லோரும் இறங்கியும் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து கேட்டதற்கு, வண்டி திரும்பத்தானே போகிறது, போகும்போது சொல்லு என்றாளாம்.

தமீமின் பைக்கை வாங்கிக்கொண்டு ஃப்ரெடி போனான். எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் நின்றன. சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்து போனான். பஸ் எண்ணூரில் நிழலில் நின்றிருந்தது. அவன் ஏறியதும் கெங்கம்மா விரலை உதட்டில் வைத்தாள்.

அவன் பின்சீட்டில் உட்கார்ந்தான். பிள்ளையின் சத்தம் நின்றது. ஃப்ரெடி எழுந்தான்.

“ஒக்காரு,” என்றாள் கெங்கம்மா.

“இல்ல, சத்தம்...”

“எங்கைல கீது, எனுக்குத் தெரியாதா? கைய நீட்டு. தொடாத. வெரல் முட்டிய மூக்காண்ட வை. காத்து படுதா?”

“படுது.”

“அவ்ளோதான். அதுக்குப் போயி ஏன் எய்ப்பறே?”

ரூத் தானாக விழித்தபோது பஸ் மறுபடி புறப்பட்டிருந்தது. கெங்கம்மா பிள்ளையைக் கொடுத்துவிட்டு, காத்திவாக்கத்தில் கூடையோடு இறங்கிப் போனாள். பைக்கை எண்ணூரிலேயே விட்டுவிட்ட ஃப்ரெடியும் ரூத்தும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டதை, பிற்பாடு ரூத்தே சாபிராவிடம் சொன்னாள்.

“என்னிய இட்டுனு போய் வூட்ல வுட்றுவியா?” என்றாளாம்.

“வேற எங்க போறது ரூத்து?”

“நேத்து நீ இல்லல்ல. முக்கினா பயம். நின்னா அத்தவிட பயமா இருந்துச்சி. ரெண்டையும் என்னால பாக்க முடியாது. சத்தத்த நா பாக்கறேன். நின்னா நீ பாரு. ஆனா உலுக்காத. வெரல வெச்சிப் பாத்துட்டு என்னாண்ட சொல்லு.”

“இன்னான்னு சொல்லணும்?”

“கீதுன்னு சொல்லு. போதும்.”

வீட்டில் கரோலின் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோயிலில் மந்திரித்த தண்ணீரை ரூத் தலையிலும் பிள்ளை தலையிலும் தெளித்தாள். சாமியார் காதுக்கு இது போகக் கூடாது என்று சந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லி வந்தாள். அப்படிச் சொன்னதில், தெரியாமலிருந்த இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. அன்று ராத்திரியிலிருந்து தன் பாயை வாசல்படிக்குக் குறுக்கே போட்டுக்கொண்டாள். ரூத்தின் செருப்பு பரண்மேல் ஏறிவிட்டது. வெறுங்காலோடு போனவளுக்குச் செருப்பை ஒளித்து என்ன லாபம் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

ஆனால் ஓர் ஒழுங்கு வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் சாபிரா எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளை முக்கும்போது ரூத் தொடாமல் முழித்துப் படுத்திருப்பாள், ஃப்ரெடி குறட்டை விடுவான். சத்தம் நின்றதும் குறட்டையும் நிற்கும். பாய் சரசரக்கும்.

“கீதா?” ரூத்தின் குரல், பாதித் தூக்கத்தில்.

“கீது. நீ படு.”

அதற்கப்புறம் ரூத்தின் மூச்சு கேட்கும். மறுபடி மீன்பெட்டி தொடங்குகிறவரை அவள் தூங்கினாள். பொட்டலம் பொட்டலமாகக் கிடைத்த தூக்கம்தான். இருந்தாலும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. நாற்பது முடிந்து கோயிலுக்குப் போய்வந்தாள். ஈ மொய்க்குமுன் புட்டைச் சாப்பிட்டாள்.

தடைக்காலம் முடிந்தது. காசிமேட்டில் ஒரே நேரத்தில் எஞ்சின்கள் உயிர்பெற்று, டீசல் புகை எங்கள் சந்துவரை வந்தது. ஐஸ் லாரிகள், அரிசி மூட்டைகள், புது வலை. முதல் பயணத்துக்கு டிரைவர் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு நாளைக்கே வேறு ஆள். ஃப்ரெடி பையைக் கட்டினான். கரோலினுக்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டது. இறால் இறங்கினால் ராத்திரி பகல் இல்லை. வாசல்படிக்குக் குறுக்கே கிடந்த பாய் எடுக்கப்பட்டது. ரூத் இப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம். போக இடம்தான் இல்லை.

புறப்படுகிற சாயங்காலம் ஃப்ரெடி வாசலில் நின்று திரும்பினான்.

“நைட்டு போன் போடறேன். அவன் வாயாண்ட வை.”

“உன் எஞ்சின் சத்தத்துல உனுக்கு இன்னா கேக்கும்?”

அவன் பையைக் கீழே இறக்கிவைத்தான்.

“கேக்காதுல்ல,” என்றான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். சந்து முனைவரை பார்த்துவிட்டு, ரூத் நேரே சாபிரா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, உனுக்கு எங்க வூட்டு சத்தம் எல்லாம் கேக்கும்ல?”

சாபிரா கொஞ்சம் நெளிந்தாள். “சொம்மா, காதுல வுயும் அப்பப்ப. நா ஒண்ணும் ஒட்டுக் கேக்கறதில்ல.”

“பரவால்லக்கா. கேளு. நைட்ல அவன் சத்தம் நின்னுச்சுன்னா செவுத்தத் தட்டு. நா தூங்கிட்டா எனுக்குத் தெரியாது. நீ தட்டினா எய்ந்து பாத்துக்கறேன்.”

இத்தனை நாள் சத்தத்தைப் பற்றிக் குழாயடியில் கதை சொன்னவளிடம் சத்தமில்லாததைக் கேட்கச் சொன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. சாபிரா தலையாட்டினாள்.

மறுநாள் காலை குழாயடிக்கு ரூத் பிள்ளையோடு வந்தாள்; கரோலின் கம்பெனியிலிருந்து திரும்பவில்லை, வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். வரிசையில் முன்னால் நின்ற சாபிராவின் கண் அதற்குமேல் சிவப்பு. டூட்டி முடிந்து வந்த தமீம், பெண்டாட்டி சுவரில் காதை ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ குடிக்கப் போய்விட்டானாம்.

“எத்தினி வாட்டிக்கா தட்டுவே,” என்றாள் ரூத்.

“நிக்கறப்பல்லாம் தட்டினேன். நீதான சொன்னே.”

“அது நல்லா தூங்கறப்பதான்க்கா நிக்கும்.”

“எனுக்கு எப்படித் தெரியும்? செவுத்துக்கு இந்தாண்ட கீறவளுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணுமே கேக்கலன்னா கை தானா தட்டப் போவுது. தட்டி, நீ எய்ந்து பாய் சரசரன்றவரைக்கும் எனுக்கு உசுரு இல்ல.”

“நீ தட்டின தட்டுல அவன் நாலு தபா முயிச்சிட்டான்.”

“அப்ப வுடு. இன்னிலேர்ந்து தட்டல. நானும் கொஞ்சம் தூங்குவேன்.”

ரூத்தின் முறை வந்தது. குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தைத் திருப்பி, விரல் முட்டியை மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது.

“இன்னிக்கும் தட்டுக்கா,” என்றாள்.